அத்தியாயம் 17: நாக்குக்கு அடியில் முப்பத்தாறு புள்ளி நாலு

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு தாளில் போட்ட கையெழுத்து, இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெல்பினாவின் கையைக் கட்டிப்போட்டிருந்தது.

அந்தத் தாள் வந்த கதை குடும்பத்துக்கு முழுசாகவும் வில்லாரிகா ஊருக்குப் பாதியாகவும் தெரியும். தங்கை நிமியாவுக்கு முதல் தவணை கீமோ முடிந்த பத்தாம் நாள், ‘இவளுக்கு என்னவோ சரியில்லை’ என்று தெல்பினா பதறினாள். ஒரு ஞானஸ்நான விருந்தின் நடுவே, கேக்கில் கத்தி இறங்கும் நேரத்தில், தங்கையைக் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அங்கே போனால் காய்ச்சல் இல்லை, ரத்த அழுத்தம் ஒழுங்கு. நிமியா செய்த ஒரே புகார், “எனக்குக் கேக் போச்சு” என்பதுதான்.

அது டாக்டர் லியோன்சியோ இபார்ரோலாவின் பேரனுக்கு நடந்த ஞானஸ்நானம். நிமியாவின் கணவன் எலாதியோவுக்கு அவர் மூத்த அண்ணன். டாக்டர் என்றதும் ஸ்டெதாஸ்கோப்பைத் தேடவேண்டாம். அவர் பத்திரங்களுக்கு முத்திரை குத்தும் நோட்டரி வக்கீல். பராகுவேயில் சட்டம் படித்தவரையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ‘நான் அந்த டாக்டர் இல்லை’ என்று அவர் யாரிடமும் சொன்னதாகத் தகவல் இல்லை.

அவர் அன்றே ஓர் உடன்படிக்கை தயாரித்தார். மூன்று ஷரத்து, நான்கு முத்திரை. ‘நோயாளியின் உடல்வெப்பம் முப்பத்தெட்டைத் தொட்டாலன்றி, மேற்படி நோயாளியைக் குடும்ப வைபவங்களிலிருந்து அப்புறப்படுத்தலாகாது’ என்பது முதல் ஷரத்து. அடுத்த தவணை தொடங்கியதும் வெப்பத்தை நாளுக்கு மூன்று வேளை அவரே அளந்து பதிவார் என்பது இரண்டாவது.

தெல்பினா கையெழுத்துப் போட்டாள். கீமோ வார்டில் ஒன்பது வருஷ சர்வீஸ் அவளுக்கு. அவமானத்தால் மட்டும் போட்டாள் என்று சொல்ல முடியாது. அவள் வார்டுச் சுவரில் அவளே ஒட்டிவைத்த காகிதத்திலும் அதே முப்பத்தெட்டுதான் இருந்தது.

இன்று இரண்டாம் தவணையின் பத்தாம் நாள். டாக்டர் லியோன்சியோவின் அறுபத்தைந்தாவது பிறந்தநாளும் இன்றுதான்.

ஜனவரி அங்கே கோடை; வெயில் நாற்பதைத் தொட்டிருந்தது. தெல்பினா தலைநகரிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து இறங்கி, பையோடு நேரே விருந்துக்கு வந்திருந்தாள். அசுன்சியோனில் ஐந்து நாள் பயிற்சி. தலைப்பு: ‘புற்றுநோய்ப் பராமரிப்பில் அவசர நிலைகளை அடையாளம் காணுதல்’. சான்றிதழ் பையில் இருந்தது, லேமினேட் செய்து.

“வாங்க நர்ஸம்மா!” மாமரத்தடியிலிருந்து லியோன்சியோவின் குரல் வந்தது. வெள்ளைக் கோட்டு, சட்டைப்பையில் பட்டுக் கைக்குட்டை. “தனியாவா வந்தீங்க? ஆம்புலன்ஸ வெளியிலயே நிறுத்திட்டீங்களா?”

நாற்பது பேர் சிரித்தார்கள். அடுப்பில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“பிறந்தநாள் வாழ்த்துக்கள் டாக்டரய்யா,” என்றாள் தெல்பினா. “கேக் வெட்டினப்புறம்தான் ஆம்புலன்ஸ் வரும். சொல்லி வச்சிருக்கேன்.”

நிமியா கூட்டத்திலிருந்து தள்ளி, மின்விசிறிக்குப் பக்கத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தாள். அது தெல்பினாவின் ஏற்பாடு. கையிலிருந்த தனிக் கொம்புக் குவளையும் அவள் ஏற்பாடுதான்.

ஊரே ஒரு குவளையில், ஒரே உலோகக் குழலில், கைமாற்றிக் கைமாற்றித் தெரெரே உறிஞ்சும் தேசம் இது. மாட்டுக் கொம்பைக் குடைந்த குவளையில் இலைத்தூளைப் போட்டு, பச்சிலையும் ஐஸும் மிதக்கும் தண்ணீரை ஊற்றி ஊற்றி, நாள் முழுக்கக் குடிப்பார்கள். உனக்குத் தனிக் குவளை என்று ஒருத்தரிடம் சொல்வது, வாசலில் நிற்கவைத்துக் கதவைச் சாத்துவதற்குச் சமம். நிமியாவுக்குத் தனிக் குவளை, தனிக் குழல், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் உறைந்த ஐஸ் என்று தெல்பினா அடம்பிடித்தபோது ஒரு வாரம் யாரும் அவளோடு பேசவில்லை. கடைசியில் அவள்தான் ஜெயித்தாள். அந்த வெற்றியில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

“என்னடி இது, ஸ்வெட்டரு?”

“ஃபேன் காத்து ஒத்துக்கலைக்கா,” என்றாள் நிமியா. குரலில் வழக்கமான வாத்தியாரம்மா மிடுக்கு இல்லை. மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள்; சும்மா பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும்.

“நாப்பது டிகிரில குளுருதா?”

“நீ ஆரம்பிக்காத. உன் மூஞ்சியப் பாத்தா எனக்கே நான் செத்துட்டேனோன்னு சந்தேகம் வருது. மாமாவோட பிறந்தநாள் ஸ்பீச்சு முடியட்டும். மூணு வாரமா கண்ணாடி முன்னாடி நின்னு மனப்பாடம் பண்ணியிருக்காரு, பாவம்.”

தெல்பினா அவள் கையைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்று இருந்தன. பிடித்த கை தானாகவே மணிக்கட்டுக்கு நகர்ந்தது. கைக்கடிகாரத்தில் முப்பது வினாடி பார்த்தாள். அறுபத்து மூன்று துடிப்பு. இரண்டால் பெருக்கினால் நூற்றிருபத்தாறு.

“காலைலேர்ந்து சாப்ட்டியா?”

“பசிக்கல. இவர்தான் கால் மணிக்கு ஒருதரம் தெரெரே ஊத்திக்குடுத்துக்கிட்டே இருக்காரே. வயிறு குளம் மாதிரி இருக்கு.”

பக்கத்தில் எலாதியோ ஐஸ் குடுவையோடு நின்றான். மோட்டார் சைக்கிள் மெக்கானிக். பேச்சு வராது, கை மட்டும் சும்மா இருக்காது. மனைவிக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அந்தக் கைக்கு இது ஒன்றுதான் வேலை.

“தண்ணி நெறையா குடிக்கணும்னு நீங்கதானக்கா சொன்னீங்க?” என்றான் பயத்தோடு.

“சொன்னேன், சொன்னேன்.”

கீமோ மருந்து புற்றை மட்டும் அடிப்பதில்லை. ரத்தத்தில் காவல் நிற்கும் வெள்ளை அணுக்களையும் சேர்த்து அடிக்கும். பத்தாம் நாள் வாக்கில் காவல்காரன் ஒருத்தன்கூட இருக்கமாட்டான். அந்த நேரத்தில் கிருமி நுழைந்தால் வீக்கம் கிடையாது, சீழ் கிடையாது, சிவப்பு கிடையாது. சண்டை போட ஆள் இருந்தால்தானே சத்தம் கேட்கும்? காய்ச்சல் ஒன்றுதான் கூப்பாடு போடும். அது கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ரத்தத்தில் ஏறவேண்டும். தவறினால், காலையில் ஜோக் அடித்தவர் சாயங்காலம் இருக்கமாட்டார். தெல்பினா அப்படி மூன்று பேரைப் பார்த்திருக்கிறாள். மூன்று பேரின் பெயரும் ஞாபகம் இருக்கிறது.

“மணி பன்னிரண்டு நாற்பது!” லியோன்சியோ எழுந்தார். “ஷரத்து இரண்டின்படி!”

கூட்டம் வழிவிட்டது. அவர் நிமியாவிடம் வந்து, கோட்டுப் பையிலிருந்து வெல்வெட் டப்பா ஒன்றை எடுத்தார். உள்ளே தெர்மாமீட்டர். எலாதியோ அவசரமாகக் கடைசி வாய்க்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். நிமியா உறிஞ்சி முடித்துக் குவளையைத் திருப்பித் தந்தாள். லியோன்சியோ தெர்மாமீட்டரை நீட்ட, தீர்த்தம் வாங்குகிறவள்போல வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

பீப்.

“முப்பத்தாறு புள்ளி நாலு!”

கைதட்டல். லியோன்சியோ அதைத் தடித்த அட்டைபோட்ட பதிவேட்டில் எழுதி, கையெழுத்திட்டு, பையிலிருந்து குட்டி முத்திரையை எடுத்துக் குத்தினார். இந்தப் பக்கங்களைத்தான் அவர் பத்து நாளாகப் படமெடுத்துத் தெல்பினாவின் செல்போனுக்கு அனுப்பிவந்தார். ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பியிருந்தாள்.

“டாக்டரய்யா, இன்னொரு தடவ வச்சுப் பாக்கலாமா?”

“ஏம்மா? ஜெனீவால தயாரானது. உங்க ஆஸ்பத்திரி சாமான்னு நெனச்சீங்களா?” அவர் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். “நர்ஸம்மாவுக்குக் கேக்கைப் பாத்தாலே கை துறுதுறுங்குது.”

மறுபடியும் சிரிப்பு. தெல்பினா உட்கார்ந்தாள்.

பேச்சு தொடங்கியது. லியோன்சியோ தன் தாத்தா போரில் குண்டடிபட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். குண்டு தோளில் பட்டதா, தோளுக்குக் கீழே பட்டதா என்பதில் குடும்பத்துக்குள் இருந்த கருத்து வேறுபாட்டை விளக்கினார்.

தெல்பினா தங்கையின் மூச்சை எண்ணினாள். நிமிஷத்துக்கு இருபத்தாறு. பஸ் பிடிக்க ஓடியவளைப்போல் இருந்தது. நாற்காலியில்தான் கிடக்கிறாள்.

விரல் ஒன்று சொன்னது, எண் வேறொன்று சொன்னது. எண்ணை நம்பு, பதற்றத்தை நம்பாதே என்று இந்த வாரம்தான் அசுன்சியோனில் ஒரு நிபுணர் படம் போட்டு விளக்கியிருந்தார். போன தடவை பதற்றத்தை நம்பித்தான் ஊர் சிரித்தது. இப்போது எழுந்தால் மறுபடியும் சிரிக்கும். எழாமல் இருந்தால்?

யாரோ அவள் கையில் பொதுக் குவளையைத் திணித்தார்கள். வரிசை அவளிடம் வந்திருந்தது. வாங்கி, யோசனையில்லாமல் ஒரு இழுப்பு இழுத்தாள். உலோகக் குழல் உதட்டைச் சுட்டதுபோலச் சில்லிட்டது. பல் கூசியது. நாக்கு மரத்துப்போய், ‘நன்றி’ என்று சொல்ல வந்த வார்த்தை வாயில் கட்டையாக உருண்டது.

நாக்கு.

குவளை கையிலிருந்து நழுவி, பச்சிலையும் ஐஸும் செருப்பின் மேல் கொட்டின.

இந்த ஊரில் காய்ச்சலை அக்குளில் பார்ப்பார்கள். அவள் அம்மா அங்கேதான் பார்த்தாள், அவள் வார்டும் அங்கேதான் பார்க்கிறது. வேறெங்காவது வைப்பார்களா என்று கேட்க அவளுக்குத் தோன்றியதே இல்லை; சற்றுமுன் கண்ணெதிரே வாயில் வைத்தபோதும் உறைக்கவில்லை. பத்து நாளாக மூன்று வேளையும் நிமியாவின் நாக்கு, எலாதியோவின் அன்பினால், ஐஸ்கட்டியாக இருந்திருக்கிறது. தனிக் குவளைக்காக ஒரு வாரம் சண்டை போட்டவள், அந்தக் குவளையில் என்ன இருந்தது என்று யோசிக்கவில்லை.

“...அந்தத் தோளிலே தேசத்தைச் சுமந்த பரம்பரை...” என்று லியோன்சியோ சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் கோட்டுப் பைக்குள் ஒரு கை நுழைந்தது.

“என்னம்மா பண்றீங்க!”

தெல்பினா டப்பாவைத் திறந்து, தெர்மாமீட்டரைத் தன் பையிலிருந்த ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை துடைத்து, நிமியாவின் ஸ்வெட்டருக்குள் கையை விட்டு அக்குளில் செருகினாள். தங்கையின் கையை மடக்கி மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். உள்ளே அடுப்பாகக் கொதித்தது.

“இது உடன்படிக்கைக்கு விரோதம்,” என்றார் லியோன்சியோ. “நாகரிக தேசத்துல எல்லாம் நாக்குக்கு அடியிலதான். அக்குள்ல வைக்கிறது பட்டிக்காட்டு...”

பீப்.

தெல்பினா படித்தாள். பிறகு அதை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். முப்பத்தொன்பது புள்ளி மூன்று.

“ஷரத்து ஒண்ணு, டாக்டரய்யா. நீங்களே படிங்க.”

அவர் பதிவேட்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பக்கத்தில் ஐஸ் குடுவை கீழே விழுந்தது.

“நான்தானே...” என்றான் எலாதியோ. “நான்தானே அக்கா குடுத்துக்கிட்டே இருந்தேன்.”

“அப்பறம் அழுவலாம். தூக்கு.”

வாசலில் பதினேழு கார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், எல்லோர் கண்ணிலும் படும்படி, கேட்டை அடைத்து நின்றது லியோன்சியோவின் கறுப்புக் கார். வேறு வழியில்லாமல் அவரே ஓட்டினார். பின்சீட்டில் நிமியாவின் தலை அக்காவின் மடியில்.

“கேக் மறுபடியும் போச்சு,” என்றாள் நிமியா கண்ணைத் திறக்காமல். பற்கள் கிடுகிடுத்தன.

“வாய மூடுடி.”

“மாமா ஸ்பீச்சும் போச்சு. அது பரவால்ல.”

ஓட்டிக்கொண்டிருந்தவர் எதுவும் சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

ஒன்று பதினொன்றுக்கு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. தெல்பினா கடிகாரத்தை மனசில் குறித்துக்கொண்டாள். இரண்டு பதினொன்றுக்குள் மருந்து உள்ளே போகவேண்டும்.

டூட்டியில் இருந்தவர் டாக்டர் கசால். நிஜமான டாக்டர், படித்து முடித்து ஒரு வருஷம், முப்பது மணி நேரமாகத் தூங்காத கண். ரத்த அழுத்தம் எண்பத்தாறுக்கு ஐம்பது என்று நர்ஸ் சொன்னதும் நெற்றியைச் சுருக்கினார்.

“எங்க இருந்தாங்க இவங்க?”

“விருந்துல. வெளியில,” என்றான் எலாதியோ.

“இந்த வெயில்லயா? அதான். உடம்புல நீர் வத்திப்போயிருக்கு. சேலைன் போடுங்க. ரத்தம் எடுத்து அனுப்புங்க, வெள்ளை அணு எண்ணிக்கை வரட்டும், அப்பறம் முடிவு பண்ணலாம்.”

“எண்ணிக்கைக்குக் காத்திருக்கக்கூடாது டாக்டர்,” என்றாள் தெல்பினா. “கீமோ முடிஞ்சு பத்தாம் நாள். அக்குள்லயே முப்பத்தொம்பது மூணு. என்ன கிருமின்னு பாக்க கல்ச்சருக்கு ரெண்டு பாட்டில் ரத்தம் எடுத்துட்டு உடனே ஆன்டிபயாடிக் போடணும். லேப் ஆளு சாப்பிடப் போயிருப்பாரு, மூணு மணிக்கு முன்னாடி வரமாட்டாரு. என்ன செய்யணும்னு இங்கயும் சுவத்துல ஒட்டியிருக்கேன்.”

சுவரைக் காட்டினாள். அவள் ஒட்டிய காகிதத்தின் மேல் ஒரு கால்பந்துக் குழுவின் காலண்டர் தொங்கியது. பதினோரு பேரும் கையைக் கட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்கள்.

“மேடம், நீங்க கீமோ வார்டுன்னு தெரியும். ஆனா இன்னைக்கு நீங்க உறவுக்காரங்க. தயவுசெஞ்சு வெளிய நில்லுங்க.” அவர் கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். அது இன்னும் மோசம். “இதுக்கு முன்னாடி காய்ச்சல் இருந்துதா?”

யாரும் கேட்காமலே, பழக்கதோஷத்தில், லியோன்சியோ பதிவேட்டை நீட்டிவிட்டார். பதறி ஓடிவந்தபோதும் அது அவர் கக்கத்தில் இருந்தது.

டாக்டர் கசால் புரட்டினார். பக்கம் பக்கமாக முப்பத்தாறு புள்ளி மூன்று, நாலு, இரண்டு. சிவப்பு மையில் கோடு, நீல மையில் வரைபடம், அடியில் முத்திரை.

“பத்து நாளா ஒருவேளைகூடக் காய்ச்சல் இல்லையே. அப்ப இது வெயில்தான்.” அவர் நிமிர்ந்தார். “இவ்வளவு நேர்த்தியா எந்த வார்டுலயும் எழுதறதில்ல சார். பிரமாதம்.”

லியோன்சியோவின் முதுகு தானாக நிமிர்ந்ததைத் தெல்பினா பார்த்தாள். நிஜ டாக்டர் ஒருவர் அவர் எழுத்தைப் பாராட்டுவது அறுபத்தைந்து வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அதுவும் பிறந்தநாளன்று. ஒரு வினாடி அவர் முகத்தில் அந்தச் சந்தோஷம் வெளிச்சமாக எரிந்தது. அந்த ஒரு வினாடியில் தெல்பினாவுக்கு அவர் கழுத்தை நெரிக்கவேண்டும்போல் இருந்தது.

சிகிச்சை அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிமியா என்னவோ முனகினாள்.

லியோன்சியோ கையை நீட்டிப் பதிவேட்டைத் திரும்ப வாங்கினார்.

“இது தப்பு,” என்றார்.

“என்ன சார்?”

“இதுல இருக்கற எல்லா அளவும் தப்பு. ஒவ்வொரு தடவையும் அந்தப் பொண்ணு வாயில ஐஸ்தண்ணி இருந்துது. ஐஸ எடுத்த கையோட நான் தெர்மாமீட்டர வச்சேன்.” ஸ்பானிஷில் ஆரம்பித்தவர் பாதியில் குவாரனிக்கு மாறியிருந்தார். நீதிமன்றத்திலும் விருந்திலும் அவர் வாயில் அந்த மொழி வராது. சமையலறையில் பேசுகிற மொழி என்பார். “எனக்கு வைத்தியம் தெரியாது. நான் நோட்டரி. பத்திரத்துல எங்க கையெழுத்துப் போடணும்னுதான் தெரியும். அந்தம்மாவுக்குத் தெரியும். அவங்க சொல்றத எழுதிக்கோங்க தம்பி.”

பேனாவை எடுத்தார். முதல் பக்கத்தின் குறுக்கே கொட்டை எழுத்தில் ‘செல்லாது’ என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு, இன்னும் ஏதோ குறைகிற மாதிரி இருந்திருக்கவேண்டும், முத்திரையையும் எடுத்துக் குத்தினார்.

காத்திருந்த வரிசையில் காலில் கட்டுப்போட்ட ஒருவர் சிரித்துவிட்டு, பிறகு வாயை மூடிக்கொண்டார்.

டாக்டர் கசால் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் எழுந்துபோய்க் காலண்டரைத் தூக்கி, அடியில் இருந்த காகிதத்தை முழுசாகப் படித்தார். பெரிய டாக்டர்கள் அதைச் செய்ய மூன்று மாசம் எடுத்துக்கொள்வார்கள். இவருக்கு அரை நிமிஷம் ஆனது.

“கல்ச்சர் ரெண்டு பாட்டில். அப்பறம் இதுல இருக்கற மருந்து. சேலைன வேகமா விடுங்க,” என்று நர்ஸிடம் சொன்னார். நர்ஸ் கையை விரித்தாள்.

“அந்த மருந்து நம்மகிட்ட ஸ்டாக் இல்ல டாக்டர். பார்மஸி நாளைக்குத்தான் திறக்கும்.”

தெல்பினா ஏற்கெனவே பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். சான்றிதழ் தரையில் வழுக்கிப்போனது. அடியிலிருந்து சாவிக்கொத்து வந்தது.

“கீமோ வார்டு. சின்ன ஃப்ரிட்ஜுக்கு எதிர்ல இரும்பு அலமாரி. மேல் தட்டு, மஞ்சள் டப்பா. இதுக்குன்னே ஒளிச்சு வச்சிருக்கேன். ஓடுங்க!”

எலாதியோ சாவியைப் பிடுங்கிக்கொண்டு நர்ஸுக்கு முன்னால் ஓடினான்.

அதன்பிறகு தெல்பினாவுக்கு வேலை இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கவேண்டும், அவ்வளவுதான். நர்ஸ் நரம்பு தேடினாள். முதல் குத்தில் கிடைக்கவில்லை. தெல்பினாவின் விரல்கள் காற்றில் அசைந்தன: இன்னும் கொஞ்சம் கீழே, கட்டைவிரல் பக்கம். இரண்டாவது குத்தில் ரத்தம் வந்தது. ஒரு பாட்டில். மற்றக் கையில் இன்னொரு பாட்டில். மருந்துப் பொடியில் தண்ணீர் கலந்து குலுக்கினார்கள். குமிழி அடங்குவதற்கு ஒரு யுகம் ஆனது.

மருந்து சொட்டத் தொடங்கியபோது மணி ஒன்று ஐம்பத்திரண்டு. நாற்பத்தொரு நிமிஷம்.

ரத்த அழுத்தம் எண்பத்து நாலு. இரண்டாவது சேலைன். எண்பத்தெட்டு. நிமியா கண்ணைத் திறந்து, கண்ணாடியில் அக்காவின் முகத்தைப் பார்த்து, முகத்தைச் சுளித்துக் காட்டினாள். தொண்ணூற்று நாலு.

டாக்டர் கசால் வெளியே வந்தார். “ஏறுது. ஆனா இன்னும் தாண்டல. இந்த ஆறு மணி நேரம் பாக்கணும். கீழ இறங்குனா அசுன்சியோனுக்கு அனுப்பணும்.” போகிறவர் நின்றார். “வெயில்னு விட்டிருப்பேன் மேடம்.”

“நானே கட்டைவிரல் அனுப்பிக்கிட்டிருந்தேன் டாக்டர்,” என்றாள் தெல்பினா. அவருக்குப் புரியவில்லை.

பெஞ்சில் லியோன்சியோ உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கோட்டின் அக்குள் நனைந்து மஞ்சளாகியிருந்தது. அவர் அவளைப் பார்க்காமல் பேசினார்.

“ஒண்ணு சொல்லணும்மா.”

“மன்னிப்பெல்லாம் அப்பறம் கேக்கலாம் டாக்டரய்யா.”

“மன்னிப்பு இல்ல.” அவர் பதிவேட்டைப் பெஞ்சில் வைத்தார். “நான் ஒண்ணு வாங்கல. பதினஞ்சு வாங்கினேன்.”

“என்னது பதினஞ்சு?”

“தெர்மாமீட்டர். வியாழக்கிழமை நீங்க ஊர்ல இல்லியே. உங்க வார்டுக்குப் போயி, கீமோ எடுக்கறவங்க எல்லாருக்கும் ஆளுக்கு ஒண்ணு குடுத்தேன். பத்திரிகைலேர்ந்து வந்து போட்டோகூட எடுத்தாங்க. கூடவே ஒரு தாள் அச்சடிச்சுக் குடுத்தேன்.” அவர் குரல் இறங்கியது. “‘நாக்குக்கு அடியில் மட்டும் வைக்கவும்’னு. முத்திரை குத்தி.”

தெல்பினா ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே ஜன்னலுக்கு அப்பால், ஆம்புலன்ஸ் டிரைவர்கள் நிழலில் வட்டமாக உட்கார்ந்து தெரெரே குடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த நாற்பது டிகிரியில், இந்த ஞாயிற்றுக்கிழமையில், ஊரில் எந்த வாய்தான் ஐஸ் இல்லாமல் இருக்கும்?

அவள் செல்போனை எடுத்தாள். பதினாலு பேரின் நம்பரும் அதில் இருந்தது. ஏழு பேரை அவள் எடுத்துக்கொண்டாள், மற்ற ஏழு பேரின் நம்பரை அவருக்குப் படித்துச் சொன்னாள்.

“நானா?”

“நீங்கதானே குடுத்தீங்க?”

லியோன்சியோ முதல் நம்பரை அழுத்தினார். “வணக்கம். வில்லாரிகா நோட்டரி, டாக்டர் லியோன்சியோ இபார்ரோலா பேசுகிறேன். கடந்த வியாழனன்று என்னால் வழங்கப்பட்ட...” எதிர்முனை வைத்துவிட்டது. தேர்தலுக்கு ஓட்டுக் கேட்கிறார் என்று நினைத்திருக்கவேண்டும்.

இரண்டாவது அழைப்பில் பேச்சிலிருந்து ‘டாக்டர்’ போனது. மூன்றாவதில் ‘நோட்டரி’ போனது. ஐந்தாவதில் தெல்பினா தன் காதிலிருந்த போனைத் தாழ்த்திக் கவனித்தாள்.

“அம்மா, தெர்மாமீட்டர் குடுத்த முட்டாள் பேசறேன். ஆமா, அந்த வெள்ளைக் கோட்டுக்காரன்தான். நாக்கு வேணாம்மா. அக்குள்ல வையுங்க. இப்பவே வையுங்க, நான் லைன்லயே இருக்கேன்... முப்பத்தாறு ஆறா? நல்லது தாயி, நல்லது.” போனை வைத்து, முதலில் வைத்துவிட்டுப் போனவருக்கே மறுபடியும் அடித்தார்.

மூன்று மணிக்குள் பதிமூன்று பேரிடம் பேசி முடித்தார்கள். ஒருவருக்கு முப்பத்தெட்டு புள்ளி ஒன்று, கிளம்பி வந்துகொண்டிருக்கிறார். மற்றவர்கள் சரி.

பதினாலாவது ஃபெலிசாம்மா. ஊருக்கு வெளியே, கரும்புத் தோட்டத்துக்குள் வீடு. அவளுக்கும் இன்று பத்தாம் நாள். லியோன்சியோ அடித்தார். நீளமாக மணி அடித்து, ஒரு பெண் எடுத்தாள்.

“அம்மாவா? நல்லா இருக்காங்க சார். நீங்க குடுத்ததுலதான் காலைல பாத்தோம், முப்பத்தாறு ரெண்டு. நிம்மதியா தூங்கறாங்க.”

தெல்பினா அவர் கையிலிருந்து போனை வாங்கினாள்.

“எப்பத்துலேர்ந்து தூங்கறாங்க?”

“காலைலேர்ந்துதான். நடுவுல எழுப்பி எழுப்பித் தெரெரே மட்டும் குடுத்தோம்.”

“இப்ப எழுப்பு.”

“தூங்கட்டுமேன்னு...”

“எழுப்பும்மா!”

செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. ஒரு கதவு திறந்தது. அம்மா என்று கூப்பிடும் குரல் கேட்டது. லியோன்சியோ தெல்பினாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு எழுந்து நின்றார். கார்ச் சாவி அவர் கையில் இருந்தது. போனில் அந்தப் பெண் இன்னொரு தடவை கூப்பிட்டாள். இந்தத் தடவை சத்தமாக.